செயற்கைச் சிறுநீர் வால்வு வைத்த அப்பாவுக்கு இரவில் கதீற்றர் போட்ட கதை

வெள்ளவத்தை மகள்:
அப்பாவுக்குப் புரொஸ்டேட் எடுத்தபிறகு சலம் அடங்கேல்லை. சென்னையில ஏ.எம்.எஸ் 800 எண்ட செயற்கை வால்வு வைச்சது: சலக்குழாயைச் சுத்தி ஒரு வளையம், அதைத் திறக்க ஒரு பம்ப், வயித்துக்குள்ள ஒரு தண்ணிப் பலூன். மூண்டு வருஷம் ஒரு துளி கசிவில்லை. பிறகு காய்ச்சலெண்டு கொழும்பில ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தம். இரவு பத்து மணிக்கு நேர்ஸ்மார் கதீற்றர், அதான் சலம் எடுக்கிற ரியூப், போட வந்திச்சினம். "உள்ளுக்கு வளையம் இருக்கு மிஸ், விதைப்பைக்குள்ள பம்ப் இருக்கு, அதை அமத்தி வளையத்தைத் திறந்து, பட்டனால நிப்பாட்டிப்போட்டுத்தான் ரியூப் விடலாம்" எண்டு அரைகுறைச் சிங்களத்தில சொன்னன். விளங்கேல்லை. ரியூப் தட்டுப்பட்டுது, இன்னும் தள்ளிச்சினம். அப்பா கட்டில் கம்பியைப் பிடிச்ச பிடியில விரல் மூட்டெல்லாம் வெளிறிப்போச்சு. கத்தேல்லை. ரியூபுக்குள்ள நூல் மாதிரி ரத்தம் இறங்கினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

அஞ்சு நாள் அப்பிடியே விட்டவை. ரெண்டு மாசத்தால திரும்பக் கசிவு. கமரா விட்டுப் பார்த்தால் வளையம் சலக்குழாயை அரிச்சு, விளிம்பு உள்ளுக்குத் தெரியுது. வளையம், பம்ப், பலூன் மூண்டையும் கழட்டியாச்சு.

தெஹிவளைக்காரர்:
பிள்ளை, எல்லாப் பழியையும் கதீற்றரில போடாதேங்கோ. எனக்கும் இதே சாமான் வைச்சது, ஒருத்தரும் ரியூப் போடேல்லை, ஆனாலும் அரிச்சது. எனக்கு ரேடியேஷன் குடுத்தது, அது பட்ட இடத்தில ரத்த ஓட்டம் குறைவு. ஒருநாள் குளிக்கேக்க பம்புக்கு மேல தோல் எண்ணெய்க் கடதாசி மாதிரி மினுங்கிச்சு, அடுத்த கிழமை பம்பே வெளியில தெரிஞ்சுது. அப்பாவுக்கு ரேடியேஷன் குடுத்ததோ?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அண்ணாவுக்கும் இதே சாமான், முதலே சொன்னதால தப்பினார். ஒருத்தரும் கேக்கேல்லை, எண்டாலும் எழுதுறன். சிங்களம், தமிழ், இங்கிலிஷ் மூண்டிலயும் உள்ளுக்கு வால்வு இருக்கெண்டு அட்டை அடிச்சு பேர்ஸில வையுங்கோ. கதீற்றர் கட்டாயமெண்டால் வளையத்தைத் திறந்து நிப்பாட்டினபிறகு, 12 அல்லது 14 சைஸ் மெல்லிசு ரியூப், எவ்வளவு கெதியா ஏலுமோ அவ்வளவு கெதியா எடுக்கவேணும். கனநாள் தேவையெண்டால் அடிவயித்தால போடச் சொல்லுங்கோ, ஆனா முதல் ஸ்கான் பண்ணி பலூன் எங்க கிடக்கெண்டு பாக்கவேணும், ஊசி அதில பட்டால் துலைஞ்சுது. கிருமி பிடிச்சால் ஒரு துண்டை மட்டும் மாத்தி மினக்கெடாதேங்கோ, முழுசாக் கழட்டவேணும். ஆறினபிறகு புதுசு வைக்கலாம், மூண்டு தொடக்கம் ஆறு மாசம் பொறுக்கச் சொல்லுவினம்.

வெள்ளவத்தை மகள்:
ஐயா, ரேடியேஷன் குடுக்கேல்லை. தம்பி, அட்டை நேற்று அடிச்சிட்டன். சிங்களத்தை மேல்வீட்டு நங்கி எழுதித் தந்தவ. அப்பா அதைச் சேட்டுப் பொக்கெற்றுக்குள்ள வைச்சுப்போட்டு அடிக்கடி தடவிப் பாக்கிறார்.