மே மாத மதியமும் ஒரு டி-ஜெட்டும்

மேலே இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை, அதாவது மேப்பை, மாற்றி எழுதுவது) செய்தபிறகு இன்ஜின் நாக் ஆகிறது (உள்ளே கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுகிறது), டைமிங்கைக் குறைத்தால், அதாவது ஸ்பார்க்கைத் தாமதமாக விழவைத்தால், சரியாகிவிடுமா என்று. நானும் இதே கேள்வியோடு ஒரு கோடை முழுக்க அலைந்தவன். குறைத்துப் பார்த்தேன், சரியாகவில்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

வண்டி 2011 மாடல் ஃபியட் லீனியா டி-ஜெட். 1368 சிசி, கம்பெனியிலிருந்து வரும்போது 114 குதிரைத்திறன். செகண்ட் ஹேண்டில் வாங்கி, முன்னால் பெரிய இன்டர்கூலர் (டர்போ அமுக்கும் காற்றைக் குளிர்விப்பது), பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) என்று ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் ரீமேப். பூஸ்ட், அதாவது டர்போ காற்றை உள்ளே தள்ளும் அழுத்தம், 1.1 பார் வரைக்கும் ஏற்றியாயிற்று. (அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத்திருத்தம் சொல்கிறது. தெரிந்தேதான் செய்தேன், பெருமையாகச் சொல்லவில்லை.)

மேப் எழுதியது டிசம்பரில், காலை ஏழு மணிக்கு, வெளியூர் கேரேஜ் ஒன்றில். மார்ச் வரை வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. மே மாதம் ஒருநாள் மதியம் விருதுநகர் கல்யாணத்துக்குக் கிளம்பினோம். உள்ளே நாலு பேர், ஏசி முழு வேகத்தில். கப்பலூர் டோல்கேட் வரிசையில் பத்து நிமிடம் ஊர்ந்துவிட்டு, வெளியே வந்து நாலாவது கியரில் மிதித்தேன். 3000 ஆர்பிஎம் தாண்டியதும் ஒரு சத்தம். மணல் போட்டுக் கடலை வறுக்கும்போது இரும்புச் சட்டியில் கரண்டி உரசுமே, அந்தச் சத்தம். பின் சீட்டிலிருந்து அத்தை, "என்னப்பா, அடியில கல்லு தட்டுதா?" என்று கேட்டார். காலை எடுத்துவிட்டேன்.

கேரேஜுக்கு போன் செய்தேன். "வெயில் சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, லோடு ஏறும் இடத்திலெல்லாம் டைமிங்கை 3 டிகிரி பின்னால் தள்ளி ஒரு ஃபைல் அனுப்பினார்கள். சத்தம் குறைந்தது உண்மைதான். ஆனால் வண்டி சோம்பிப்போயிற்று. லிட்டருக்கு 12 கொடுத்தது 9-க்கு வந்தது. ஒரு நாள் ராத்திரி நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தால், டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் மங்கலாகச் சிவந்து கிடக்கிறது. இப்போது காரணம் புரிகிறது. ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் எரிவதும் தாமதமாக முடியும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது நெருப்பு இன்னும் சூடாக இருக்கும். பிஸ்டனைத் தள்ளவேண்டிய சூடு டர்போவின் தலையில் போய் விழும். நாக்கிங்கைக் குறைக்கிறேன் பேர்வழி என்று டர்போவை வறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டே வாரத்தில் சத்தம் திரும்ப வந்தது.

மதுரை ஒத்தக்கடையில் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். டீசல் பம்ப் வேலையில் ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல். அவரிடம் லேப்டாப் கிடையாது. கண்ணாடியை எல்லாம் இறக்கச் சொல்லிவிட்டு, நீளமான காம்பவுண்டுச் சுவர் ஒன்றை ஒட்டி அவரே ஓட்டினார். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தைக் கேட்கத்தான். திரும்பி வந்து, இன்ஜின் ஆறும்வரை டீ குடித்துவிட்டு, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்து, கைக்கடிகாரக் கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"பீங்கான்ல மிளகுத்தூள் தூவுன மாதிரி இருக்கா?"

"இருக்குண்ணே."

"நடுவுல மினுமினுன்னு என்னமோ தெரியுதா? அது உங்க பிஸ்டன், தம்பி."

மூன்றாவது சிலிண்டர் பிளக்கில்தான் அது அதிகம். ஊசி முனையைவிடச் சின்னதாக, உருகித் தெறித்த அலுமினியம். அதைப் பார்த்தபின் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் சொன்னது ஒன்றுதான்: "டைமிங்க அப்புறம் பாப்போம். மொதல்ல பெட்ரோல் வருதான்னு பாருங்க."

சரி என்று எக்ஸாஸ்ட்டில் வைட்பேண்ட் சென்சார் (காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் எரிகின்றன என்று காட்டுவது) மாட்டினேன். நாகமலைப் புதுக்கோட்டை நண்பர் பக்கத்து சீட்டில் லேப்டாப்போடு உட்கார, விடிகாலை ஐந்து மணிக்கு ரிங் ரோட்டில் மூன்றாவது கியரில் இரண்டு தடவை இழுத்தோம். (பொது ரோட்டில் செய்தது தப்பு. அடுத்த சோதனைகளை டைனோவில், அதாவது வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் இயந்திரத்தில்தான் செய்தேன், நீங்களும் அங்கேயே தொடங்குங்கள்.) லாம்டா 1 என்றால் காற்றும் பெட்ரோலும் கணக்காக இருக்கிறது, அதற்குக் கீழே ரிச் (பெட்ரோல் அதிகம்), மேலே லீன் (பெட்ரோல் குறைவு). டர்போ பெட்ரோல் வண்டிக்கு முழு மிதியில் 0.80 முதல் 0.85 வரை இருப்பது நல்லது. அந்த உபரிப் பெட்ரோல்தான் உள்ளே சூட்டைத் தணிக்கும். லேப்டாப்பில் பதிவானதில் 3000 ஆர்பிஎம்மில் 0.83. 4200-ல் 0.88. 4800-ல் 0.93. 1-க்குக் கீழேதான் என்றாலும், முழு மிதிக்கு இது லீன். பூஸ்ட் ஏற ஏற, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமும் ஏறுகிறது, பெட்ரோல் மட்டும் வந்து சேரவில்லை.

பின் சீட்டைத் தூக்கி, முழு லோடில் பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் வோல்டேஜைப் பார்த்தோம். பேட்டரியில் 13.9. பம்ப்பில் 11.1. எர்த் ஒயர் பாடியில் முறுக்கியிருக்கும் இடத்தில் செம்பு பச்சை பூத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. வோல்டேஜ் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான் விஷயம். சாதாரணமாக ஓட்டும்போது தெரியாது, பூஸ்ட்டில் பெட்ரோல் அதிகம் கேட்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும். புது ஒயர், புது லக், இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தது, எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய்கூட ஆகவில்லை. டைனோவில் ஏற்றி அதே கியரில் இழுத்தால், 5000-த்தில் லாம்டா 0.85.

அப்போதும் மேப் கேட்ட அளவைவிட இழை அளவு லீனாகத்தான் இருந்தது. அதற்குக் காரணம் ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதம் கலந்தால் கணக்கு 13.5 பக்கம் வந்துவிடும். 10 சதவீதக் கலப்பில் எழுதிய மேப்பில் ஈ20 ஊற்றினால், முழு மிதியில் சுமார் 4 சதவீதம் லீன். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் என்பது நிஜம்தான், ஆனால் அதற்குத் தேவையான அளவு ஊற்றினால்தான் தாங்கும். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. வைட்பேண்ட் மீட்டர் 12.0 என்று காட்டுகிறதே, அது லாம்டாவை 14.7-ஆல் பெருக்கிக் காட்டும் எண். பெட்ரோல் பங்கில் எதை ஊற்றினாலும் அது அப்படித்தான் பெருக்கும். அதனால் லாம்டாவிலேயே படியுங்கள், தலைவலி இல்லை.

பெட்ரோலை 0.82-ல் நிறுத்தியபிறகுதான் டைமிங்கைத் தொட்டோம். குறைத்த 3 டிகிரியையும் ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் நாக் சென்சார் (தட்டும் சத்தத்தை உணர்வது) சொல்லி இன்ஜின் கம்ப்யூட்டர் டைமிங்கை எவ்வளவு பின்வாங்குகிறது என்று பார்த்தோம். 3-ம் உள்ளே போயிற்று, அதற்கு மேல் இன்னொரு டிகிரியையும் தாங்கியது. அந்தக் கடைசி டிகிரியை நான் எடுத்துக்கொள்ளவில்லை, தாங்கிய எல்லையிலிருந்து 1 டிகிரி குறைத்தே வைத்திருக்கிறேன். பிளக்கை ஒரு படி கோல்டாக (சூட்டைச் சீக்கிரம் கடத்தும் வகைக்கு) மாற்றி, ஸ்பார்க் தாவும் இடைவெளியையும் 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்தேன்.

மிச்சம் இருந்தது வெயில். மாட்டுத்தாவணி சிக்னலில் மூன்று நிமிடம் நின்றால் இன்டேக் காற்று 62 டிகிரிக்குப் போகிறது, டிசம்பர் காலையில் இது 30 சொச்சம். 50 டிகிரிக்கு மேல் டைமிங் தானாகக் குறையும்படியும் பூஸ்ட் கொஞ்சம் இறங்கும்படியும் மேப்பில் எழுதினோம். முதல் கேரேஜ் இந்தப் பக்கத்தையே திறந்து பார்க்கவில்லை. குளிரில் மேப் எழுதி வாங்கியவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திண்டுக்கல் நண்பர் 95 ஆக்டேன் போட்டால் போதுமா என்று கேட்டிருந்தார். ஆக்டேன் கூடினால் பெட்ரோல் நாக்கிங்கை அதிகம் தாங்கும், அதனால் 91-ஐவிட 95 நிச்சயம் உதவும். நானும் கொடைக்கானல் ஏறும்போது அதைத்தான் போடுகிறேன். ஆனால் லீனாக ஓடும் இன்ஜினில் அதை ஊற்றினால் சத்தம் அடங்கும், பிளக்கில் மினுமினுப்பு சேர்ந்துகொண்டே இருக்கும்.

போன வாரம் மதியம் இரண்டு மணிக்கு, அதே கப்பலூர் டோல்கேட் தாண்டி, அதே நாலாவது கியர். நாக் சென்சார் பூஜ்யம் காட்டியது. என் மேப் ஃபைலை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் எர்த் ஒயர் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.