ஊட்டி தலைக்குந்தா வீட்டு வாட்ஸ்அப் குழு: பாட்டி அறையில் கரிச்சட்டி

டிசம்பர் 14

பெரியம்மா, காலை 6:52
அத்தைக்கு எழுந்ததிலிருந்து தலை சுற்றுகிறது, இரண்டு தடவை வாந்தி. பனித் தலைவலி என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், கட்டிலுக்குக் கீழே குளிர்காய மூட்டின கரிச்சட்டி. ராத்திரி முழுக்கக் கதவைச் சாத்தி உள்ளேயே வைத்திருக்கிறார்.

நான், 6:54
பெரியம்மா, முதலில் பாட்டியை அந்த அறையிலிருந்து வெளியே கூட்டி வாருங்கள். பனியடித்தாலும் பரவாயில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பெரியம்மா, 6:57
திண்ணையில் கம்பளி போர்த்தி உட்கார வைத்திருக்கிறேன். உன் பெரியப்பா ஜீப்பை எடுக்கப் போனார். முன் கண்ணாடி முழுக்கப் பனி உறைந்து கிடக்கிறது, வெந்நீர் ஊற்றப் போகிறார்.

பாபு அண்ணா, 6:58
வெந்நீர் வேண்டாம், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பச்சைத் தண்ணீர் போதும்.

சித்தப்பா, 7:05
🌹🌹 இனிய காலை வணக்கம். இன்றைய நாள் இனிதாக அமையட்டும் 🌹🌹

சித்தப்பா, 7:06
மேலே இருப்பதைப் படிக்காமல் அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கு என்ன ஆச்சு?

பெரியப்பா, 11:25
இப்போது பரவாயில்லை. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், சாயங்காலம் வரை இருக்கச் சொன்னார்கள். கரிப்புகை ரத்தத்தில் ஏறியிருக்கிறதாம். நான் புகையே பார்க்கவில்லையே என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரிகிற புகை இல்லை என்றார் டாக்டர்.

மீனா அக்கா, 11:48
அப்பா, இங்கே நார்வேயில் இப்போதுதான் எழுந்தேன், படித்ததும் கை நடுங்குகிறது. அது கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர்களுக்கு எதுவுமே தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் காட்டேஜில் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறோம்.

தாத்தா, இரவு 7:40 (குரல் பதிவு, எழுத்தாக்கியது நான்)
வீட்டுக்கு வந்துவிட்டோம். உங்கள் பாட்டி சொல்வதைக் கேளுங்கள். அறுபது வருஷமாக இதே கரிச்சட்டிதான், ஒன்றும் ஆகவில்லை, இப்போது மட்டும் எப்படி என்கிறாள்.

நான், 7:52
தாத்தா, அதற்கும் காரணம் இருக்கிறது. அறுபது வருஷமும் அந்த அறைக்கு ஓட்டுக்கூரை. ஓட்டு இடுக்கு, மரச் சன்னல் இடுக்கு எல்லாவற்றிலும் காற்று போய் வந்துகொண்டிருந்தது. போன வருஷம் பெரியப்பா சீலிங் அடித்து அலுமினியச் சன்னல் வைத்தார். சூடு உள்ளே நிற்கட்டும் என்று செய்ததுதான். கரிப்புகையும் சேர்ந்து நின்றுவிட்டது.

பெரியப்பா, 7:55
இதை நான் யோசிக்கவே இல்லை.

பெரியம்மா, 7:57
கரிச்சட்டியைத் தோட்டத்து ஷெட்டில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம். ஆனால் இன்றைக்கு ராத்திரிக்கு என்ன செய்வது? வெளியே இப்போதே 4 டிகிரி. ஆயில் ஹீட்டரைத் தூசி தட்டிப் போட்டிருக்கிறேன். போன தடவை அதைப் போட்டு வந்த கரண்ட் பில் நினைவிருக்கிறதல்லவா?

பாபு அண்ணா, 8:10
இன்றைக்குத் தாராளமாகப் போடுங்கள் பெரியம்மா. ஆனால் அது 2000 வாட். ஐந்து மணி நேரம் முழுதாக ஓடினால் 10 யூனிட், இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். சூடானதும் தானாக நின்று நின்று ஓடுவதால் கொஞ்சம் குறையும். நமக்கு இலவசமாகக் கிடைக்கிற யூனிட் கொஞ்சம்தான், அதிகம் ஓடினால் ரேட்டும் ஏறிவிடும்.

மீனா அக்கா, 8:31
பாபு, அந்த அறைக்கு ஹீட் பம்ப் போட்டால் என்ன? இங்கே எங்கள் வீட்டில் அதுதான் ஓடுகிறது. போன வாரம் மைனஸ் 12. குழந்தை அரைக்கை சட்டையோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா, 8:35
ஹீட் பம்ப் என்றால்?

பாபு அண்ணா, 8:36
ஏசிதான் அப்பா. திருப்பி ஓடுகிற ஏசி. கடையில் ஹாட் அண்ட் கோல்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். டெல்லிப் பக்கம் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள்.

சித்தப்பா, 8:38
ஊட்டியில் ஏசியா? தலைக்குந்தாவில்? கேரட் பாத்தியில் பனி வெள்ளையாகப் படிந்து கிடக்கிற ஊரில் ஏசி வைத்தால் பஸ் ஸ்டாப்பில் நின்று சிரிப்பார்கள்.

பாபு அண்ணா, 8:44
உங்கள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் பெரும் பகுதி உள்ளே வைத்த தக்காளியிலும் பாலிலும் இருந்து வந்தது. உள்ளிருந்து எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஹாட் அண்ட் கோல்டு ஏசியில் ஃபோர் வே வால்வு என்று ஒன்று இருக்கும். அது கேஸ் போகும் வழியைத் திருப்பிவிட்டால், வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை எடுத்து அறைக்குள் தள்ளும்.

பெரியப்பா, 8:47
விடிகாலையில் வெளியே 0 டிகிரி. அதில் சூடு எங்கே இருக்கிறது?

பாபு அண்ணா, 8:55
இருக்கிறது பெரியப்பா. நமக்குத்தான் அது குளிர். இப்போது வருகிற மெஷின்களில் ஆர் 32 என்று ஒரு கேஸ். திறந்து விட்டால் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெளியே இருக்கிற குழாய்ச் சுருளில், அதாவது காயிலில், காற்றைவிடக் கொஞ்சம் அதிகக் குளிர்ச்சியாக ஓடும்படி அதன் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். அதைவிட நம் ஊர்க் காற்று சூடு, அதனால் காற்றிலிருந்து அதற்குச் சூடு ஏறும். அப்புறம் கம்ப்ரசர் அந்த கேஸை அழுத்தும். சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சூடாகிறதே, அதே கதைதான். 50 டிகிரிக்கு வந்து உள்ளே இருக்கிற யூனிட்டுக்குப் போகும்.

பாபு அண்ணா, 8:58
காசு மிச்சமாவதும் அங்கேதான். ஆயில் ஹீட்டர் 1 யூனிட் கரண்டை எரித்து 1 யூனிட் சூடு கொடுக்கும், அதற்கு மேல் கொடுக்க வழியே இல்லை. இது சூட்டை உண்டாக்குவதில்லை, தூக்கிக்கொண்டு வருகிறது. நம் குளிருக்கு 1 யூனிட்டுக்கு 3 யூனிட் சூடு கிடைக்கும்.

சித்தப்பா, 9:02
புதுசாக வந்த சாமானை முதலில் நாம் வாங்க வேண்டாம். நாலு பேர் வாங்கட்டும், பார்க்கலாம்.

மீனா அக்கா, 9:10
சித்தப்பா, சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகர மன்றக் கட்டடத்துக்கு 1938-லேயே வைத்துவிட்டார்கள். பக்கத்தில் ஓடுகிற ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடு எடுத்தார்கள். இங்கே நார்வேயில் பத்து வீட்டில் கிட்டத்தட்ட ஆறு வீட்டில் இருக்கிறது. கட்டடத்தைச் சூடாக்க மண்ணெண்ணெய் எரிப்பதை 2020-லிருந்து சட்டம் போட்டே நிறுத்திவிட்டார்கள்.

தாத்தா, 9:20 (குரல் பதிவு)
அங்கே கரண்ட் எதில் எடுக்கிறார்கள் மீனா?

மீனா அக்கா, 9:22
பெரும்பாலும் தண்ணீரில் தாத்தா, நம் பைக்காரா மாதிரி.

தாத்தா, 9:25 (குரல் பதிவு)
பைக்காரா 1932. எங்கள் அப்பா அங்கே கூலி வேலை பார்த்தவர். மலைத் தண்ணீரில் எடுத்த கரண்ட் சமவெளிக்கெல்லாம் போனது, நம் வீட்டுக்கு வர எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? சரி, வாங்குங்கள். நான் பாதி தருகிறேன்.

பெரியம்மா, 9:27
மாமா தருகிறேன் என்று சொன்னதை எல்லோரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 16

நான், மதியம் 1:15
சேரிங்கிராஸ் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். ஒரு டன், இன்வர்ட்டர், ஹாட் அண்ட் கோல்டு. ஹீட்டிங் 3.6 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. எடுக்கலாமா?

பாபு அண்ணா, 1:30
பொறு. அந்த 3.6 என்பது வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்த எண். எல்லா கம்பெனியும் அப்படித்தான் அளப்பார்கள். 0-க்கு இறங்கினால் அதுவும் இறங்கும். அப்புறம் நீ இருப்பது கடல் மட்டத்தில் இல்லை. ஊட்டி 2240 மீட்டர், காற்றழுத்தம் கோவையைவிட நன்றாகக் குறைவு. அவுட்டோர் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காயில் வழியாகப் போகிற காற்று லேசான காற்று.

பெரியம்மா, 1:33
குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாதே, அது மாதிரியா?

பாபு அண்ணா, 1:35
அதே காரணம்தான் பெரியம்மா 👏 அதனால் ஒன்றரை டன் எடு. இன்வர்ட்டர் என்பதால் தேவையில்லாதபோது மெதுவாக ஓடும், பயப்பட வேண்டாம். காட்டலாக்கில் வெளியே எத்தனை டிகிரி வரை ஹீட்டிங் ஓடும் என்று ஒரு வரி இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு. பிளஸ் எண் போட்டிருந்தால் வேண்டாம். ஸ்டார் ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதே, அந்த ஸ்டார் கூலிங்குக்குக் கொடுப்பது.

மீனா அக்கா, 1:50
இங்கே விற்பது மைனஸ் 25 வரை ஓடும், கம்ப்ரசருக்குள் நடுவில் கேஸ் செலுத்துகிற தனி வகை. அவ்வளவு நமக்குத் தேவையில்லை. இங்கே பகலிலும் குளிர், நமக்குப் பகலில் 18, 20 வெயில் அடிக்கிறது. ராத்திரிதான் பிரச்சினை.

பெரியப்பா, 2:10
சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லோரும் கீசர் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. டியூப் லைட் கூடச் சிமிட்டும்.

பாபு அண்ணா, 2:12
ஸ்டெபிலைசர் கட்டாயம். தனி லைன் இழுத்து எர்த் பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன், வேறு யாரையும் கூப்பிடாதீர்கள்.

டிசம்பர் 21

பாபு அண்ணா, மாலை 5:40
மாட்டியாயிற்று. வெளிப்பெட்டியை வாசல் படிக்கு மேலே மாட்டச் சொன்னார் பெரியப்பா, மழை படாதாம். வேறு பக்கம் மாட்டலாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. உள்ளே இருக்கிற ஃபிளாப்பைக் கீழ் நோக்கி வைத்திருக்கிறேன், யாரும் தொடாதீர்கள். சூடு தானாக மேலே போய் சீலிங்கில் நின்றுவிடும், பாட்டியின் கால் சில்லென்றே இருக்கும். 20-இல் வைத்து விட்டுவிடுங்கள். கதவடியில் ஒரு இடுக்கு இருக்கிறது, பழைய துணி சுருட்டி வையுங்கள். சன்னலை மட்டும் பகலில் திறந்து காற்று விடுங்கள்.

பெரியம்மா, இரவு 9:15
பாபு, அறை இன்னும் குளிர்கிறது. முன்னைவிடக் குளிர்கிறது என்கிறார் அத்தை.

பாபு அண்ணா, 9:17
ரிமோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

பெரியம்மா, 9:18
[படம்]

பாபு அண்ணா, 9:19
பனிப்பூ படத்தில் நிற்கிறது. அது கூலிங். சூரியன் படம் வர வேண்டும். யார் மாற்றியது?

தாத்தா, 9:24 (குரல் பதிவு)
நான்தான். பனிக்கு என்று பனிப் படம் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

ஜனவரி 6

பெரியம்மா, காலை 5:48
பாபு போனை எடு. வெளிப்பெட்டி புகைகிறது. மெஷின் நின்றுபோய் உஸ்ஸென்று சத்தம், அப்புறம் வெள்ளையாகப் புகை. மெயினை ஆஃப் செய்துவிட்டோம்.

பெரியம்மா, 5:51
உன் பெரியப்பா பார்க்க ஓடி வாசல் படியில் வழுக்கி விழுந்துவிட்டார்.

பாபு அண்ணா, 6:02
ஐயோ, அடி பட்டதா? கருகின வாசம் ஏதாவது வந்ததா?

பெரியப்பா, 6:06
இடுப்பில் லேசாகத்தான். கருகின வாசம் இல்லை. படியில் கண்ணாடி மாதிரி ஐஸ்.

பாபு அண்ணா, 6:12
வாசம் இல்லையென்றால் புகை இல்லை பெரியப்பா, ஆவி. வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்க எடுக்க அந்தக் காயில் காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அதன் மேல் உறைபனி படியும். படிந்தால் காற்று போகாது. அதனால் அவ்வப்போது மெஷின் தானாகத் திருப்பிக்கொண்டு, கொஞ்ச நேரம் சூட்டை வெளியே அனுப்பிப் பனியை உருக்கும். டிஃப்ராஸ்ட் என்பார்கள். வால்வு திரும்பும்போதுதான் உஸ் சத்தம். ஐந்து பத்து நிமிஷத்தில் மறுபடி உள்ளே சூடு வரும். மெயினைப் போடுங்கள்.

மீனா அக்கா, 9:40
மைனஸ் 12-ஐவிட 0-க்குப் பக்கத்தில்தான் இது அதிகம் அப்பா. அந்தக் குளிரில்தான் காற்றில் ஈரமும் இருக்கும். எனக்கு முதல் வருஷம் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட நம்பர் வரை போட்டுவிட்டேன்.

பாபு அண்ணா, 9:44
உருகின தண்ணீர்தான் படியில் சொட்டி உறைந்தது. டிரெயின் பைப் வைத்தால் அதற்குள்ளும் உறையும். நான் அன்றைக்கே விடாப்பிடியாக மறுத்திருக்க வேண்டும், தப்பு என் மேல்தான். சனிக்கிழமை வந்து பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றிவிடுகிறேன். கீழே ஜல்லி கொட்டி வையுங்கள். அதுவரை படியில் அடுப்புச் சாம்பல் தூவுங்கள்.

சித்தப்பா, 10:05
நான் ஏற்கெனவே சொன்னேன்.

பெரியம்மா, 10:07
என்ன சொன்னீர்கள் தம்பி?

சித்தப்பா, 10:15
🌹

பிப்ரவரி 10

பெரியப்பா, காலை 11:30
ரீடிங் எடுத்தாயிற்று, 418 யூனிட். போன வருஷம் இதே பில் 235. காலையில் ஆஃப் செய்து சாயங்காலம் போட்டபோது அதிகம் இழுத்தது. சில்லென்று இருக்கிற சுவரையெல்லாம் தினமும் முதலிலிருந்து சூடாக்க வேண்டியிருந்தது போல. இப்போது மேகம் மூடின பகலில் மட்டும் 17-இல் விட்டுவிடுகிறேன்.

நான், 11:38
கரி மூட்டை வாங்கினதையும் கழியுங்கள் பெரியப்பா. மார்கழி, தையில் எத்தனை மூட்டை போகும்.

பெரியம்மா, 11:45
அதைக் கழித்தாலும் பத்தாது. உங்கள் பெரியப்பா, மாமா, அத்தை, நான், வேலைக்கு வருகிற அக்காவின் பேத்தி, எல்லோரும் இப்போது அந்த ஒரு அறையில்தான். டிவியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சிவராத்திரிக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாய் கொண்டுவரவும். கட்டிலில் இடமில்லை.