ஆல் வீல் டிரைவா, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலா? சுங்கை சிப்புட்டில் குடும்பக் கார் வாங்குகிறேன்

லயத்துப்பிள்ளை
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வீடு, ஈப்போவில் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு பழைய செடான்கள் அமைந்திருக்கின்றன. ஒன்று ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கும்), கொஞ்சம் வயதானது, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (சறுக்கும் காரை நேராக்கும் இஎஸ்சி) இல்லை. மற்றது முன்சக்கர இழுவை, ஆனால் இஎஸ்சி உண்டு. எனக்குச் செம்மண் சாலையும் உண்டு, ராத்திரி டிரங்க் சாலையும் உண்டு. எதை எடுக்கலாம்?

மேட்டுவீடு
யோசிக்கவே வேண்டாம் தம்பி, ஆல் வீல் டிரைவ்தான். செம்பனைக் குலை லோரி போன தடத்தில் மழை பெய்தால் எங்கள் தோட்ட டிவிஷன் மேடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போன தீபாவளிக்கு முதல் நாள் மச்சான் கார் பாதி மேட்டில் நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளினோம், புதுவேட்டி எல்லாம் சேறு. என் ஆல் வீல் டிரைவ் சுபாரு அதே மேட்டில் இரண்டாம் கியரில் சத்தமில்லாமல் ஏறியது. நாலு சக்கரமும் பிடிக்கிற கார் மழையில் நிற்பதும் நன்றாக நிற்கும்.

வளைவில்_மெதுவாக
அண்ணே, கடைசி வரி மட்டும் தவறு. எந்தக் காருக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஆல் வீல் டிரைவ் இன்ஜின் பலத்தை நாலுக்கும் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். கிளம்ப உதவும், ஏற உதவும். நிறுத்த உதவாது. கூடுதல் எடை வேறு.

என் கதையைச் சொல்கிறேன். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதை இருக்கிறதே, அதை ஒட்டிய இறக்க வளைவுகள். சாயங்கால மழை. முன்னால் போன லோரியின் டயர்த் துண்டு சாலையில் கிடந்தது. சட்டென்று திருப்பினேன், காரின் பின்பக்கம் வெளியே ஓடியது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. கீழே கரகரவென்று ஒரு சத்தம், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கியது, கார் தானாக நேரானது. பின்னால் இருந்த மகள் எழுந்திருக்கவே இல்லை.

அது இஎஸ்சியின் வேலை. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினீர்கள், கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, இரண்டையும் சென்சார்கள் ஓயாமல் ஒப்பிடுகின்றன. பின்பக்கம் வழுக்கினால் வளைவின் வெளிப்புற முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். மூக்கு நேராக ஓடினால் உட்புறப் பின்சக்கரத்தை. தேவைப்பட்டால் இன்ஜினையும் அடக்கும். நமக்கு இருப்பது ஒரே பிரேக் பெடல். ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்க எந்த டிரைவராலும் முடியாது.

இஎஸ்சி 1995இல் போஷ் என்ற உதிரிபாகக் கம்பெனியும் மெர்சிடிஸும் கொண்டுவந்தது. 1997இல் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் சுவீடனில் திடீரென்று விலகி ஓட்டும் சோதனையில் கவிழ்ந்தது, அதற்குப் பிறகு அந்தக் கார் எல்லாவற்றிலும் போட்டார்கள். அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்து கட்டாயம். நம் நாட்டிலும் 2018இல் புது மாடல்களுக்குக் கட்டாயமானது. வேறு வண்டி சம்பந்தப்படாமல் தனியே விழுந்து சாகும் விபத்துகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. ஆல் வீல் டிரைவ் அப்படிக் குறைத்ததாக நான் எங்கேயும் படித்ததில்லை.

மேட்டுவீடு
அமெரிக்கக் கணக்கு அமெரிக்கச் சாலைக்கு. உங்கள் இஎஸ்சி என் மேட்டில் என்ன செய்யும் தெரியுமா? சக்கரம் சுழன்றதும் இன்ஜின் மூச்சை அடக்கிவிடும். நடுமேட்டில் கார் முனகிக்கொண்டு நிற்கும். சம்பந்தி காரில் என் கண்ணால் பார்த்தேன்.

ஃபோர்மன்மகள்
மேட்டுவீடு அண்ணன் சொல்வது உண்மை. சேற்றில் மாட்டினால் கார் படத்துக்குக் கீழே வளைந்த கோடு போட்ட பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். தார் சாலை வந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். முக்கால்வாசிப் பேர் இந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை.

ஆனால் பழைய ஆல் வீல் டிரைவின் செலவையும் சேர்த்துப் பாருங்கள். நாலு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரென்ஷியலுக்கு ஓய்வே கிடையாது, சூடாகிக் கெடும். அப்பா வர்க்‌ஷாப்பில் அப்படி வந்த காருக்கு ஹாஃப் கட் கடைகளில் (பழைய காரை வெட்டிப் பாகம் விற்கிற கடைகள்) தேடி அலைந்தோம். இன்னொன்று, இஎஸ்சிக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர்: விஎஸ்சி, விஎஸ்ஏ, ஈஎஸ்பி. விற்பவர் "ஏபிஎஸ் இருக்கு" என்று சொன்னால் அது வேறு சமாச்சாரம், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது மட்டும்தான்.

பழைய_கண்டக்டர்
ரப்பர் பால்மரக் காலத்தில் மொரிஸ் மைனர் காரில் ஆறு பேர் போனோம். இரண்டும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை.

வளைவில்_மெதுவாக
ஐயா, திரும்பி வந்தவர்கள்தானே கதை சொல்ல முடியும்.

லயத்துப்பிள்ளைக்கு: இரண்டும் உள்ள கார் கிடைத்தால் அதுதான் முதல். கிடைக்காவிட்டால், தினமும் ஈப்போவுக்குப் போய்வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தார் சாலை. சேற்றில் மாட்டினால் சட்டை போகும். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கினால் குடும்பம் போகும்.

மேட்டுவீடு
அம்மா வீட்டில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாரே, படித்தீர்களா? ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலிக்கிறது, வெளியே மழை, மேட்டில் கார் ஏறவில்லை. அப்போது சட்டை மட்டுமா போகும்?

வளைவில்_மெதுவாக
அது நியாயம் அண்ணே. அதை நான் யோசிக்கவில்லை. இருந்தாலும் என் ஓட்டு மாறாது.

ஃபோர்மன்மகள்
சண்டையை நிறுத்திவிட்டு டயரைப் பாருங்கள். தண்ணீர்மேல் டயர் மிதந்துவிட்டால் இஎஸ்சி பிடிக்கத் தரை இல்லை, நாலு சக்கர இழுவைக்கும் தரை இல்லை. சட்டம் டயரில் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்கிறது. நம் ஊர் மழைக்கு நான் 3க்குக் கீழே விடமாட்டேன்.

லயத்துப்பிள்ளை
ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்த்தேன். ஆல் வீல் டிரைவ் காரில் முன் டயர் ஒரு பிராண்ட், பின் டயர் வேறு. பின்னால் 2317 என்று முத்திரை, அதாவது 2017இன் 23ஆவது வாரம். "நல்லாத்தான் ஓடும்" என்றார் விற்பவர். மற்ற காரில் சாவி திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. எங்கள் மேட்டிலும் ஏற்றிப் பார்த்தேன், ஏறியது. ஆனால் மண் காய்ந்திருந்தது. மழை பெய்யும் நாளில் இன்னொரு முறை ஏற்றிப் பார்க்க உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மேட்டுவீடு
அந்த ஆல் வீல் டிரைவை விடுங்கள், அப்படி டயர் போட்டவன் எண்ணெயும் மாற்றியிருக்கமாட்டான். நல்லதாக வேறொன்று நான் தேடித் தருகிறேன். மழை வந்தால் போன் போடுங்கள் தம்பி, கயிற்றோடு வருகிறேன்.