பேண்ட்ஸ்டாண்ட் பாறையில் ஒரு புரட்டாசி மத்தியானம்

நம்ம மும்பை ஆட்கள் கடல்ல மாட்டிக்கிட்ட கதையை ஆளுக்கொண்ணு எழுதணும்னு பேச்சு. சரி, என் மானம் போன கதையை நானே முதல்ல எழுதிடறேன். தாராவியில பிறந்து வளர்ந்தவன், பூர்வீகம் தூத்துக்குடி. ஞாயித்துக்கிழமைன்னா தூண்டில், அவ்வளவுதான்.

அன்னிக்குப் புரட்டாசி பிறந்து முதல் ஞாயிறு. "பிடிக்கிறது உங்க இஷ்டம், வாசப்படி தாண்டி மீன் வரக்கூடாது"ன்னு வீட்டுல கறாரா சொல்லிட்டாங்க. பிடிக்கிறவன் தின்னே ஆகணும்னு சட்டமா என்னன்னு கிளம்பிட்டேன். பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட். கறுப்புப் பாறை கடலுக்குள்ள நீட்டிக்கிட்டுக் கிடக்கும். கடல் வத்தியிருக்கும்போது அது மேலேயே நடந்து உள்ள போயிடலாம்.

பௌர்ணமி கழிஞ்சு அஞ்சாம் நாள். காலையில ஒன்பது வாக்கில் வத்தம், மூணு வாக்கில் ஏத்தம் நிறையும். ஏறுற தண்ணியோட மீனும் பாறை இடுக்குக்கு இரை தேடி வரும்னு பதினொன்றரைக்கே போய் நின்னேன். மண்டையைப் பிளக்கிற வெயில். மேற்கே மட்டும் ஈயச் சட்டியைக் கவுத்தின மாதிரி ஒரு மேகம்.

ஜூலையில மும்பைக்கு மழை நாள் கணக்கா கொட்டும், ஆனா இடி அவ்வளவா இருக்காது. செப்டம்பர், அக்டோபர்ல மழைக்காலம் மூட்டை கட்டுற நேரத்துலதான் மத்தியானம் வரைக்கும் வெயில், அப்புறம் இடி. எங்க தாத்தா வள்ளத்துல போனவர். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காத்து பட்டுன்னு நின்னு கடல் எண்ணெய் மாதிரி ஆச்சுன்னா கரைக்குத் திரும்பிடணும்பார். அதனால என் கண்ணு முழுக்க மேகத்து மேலேயே.

பன்னெண்டரை வரைக்கும் கெளிறு ரெண்டு, உள்ளங்கை நீளத்துக்குக் களவா ஒண்ணு. அப்புறம் தூண்டில் நரம்பு சும்மா தளர்ந்துச்சு. தளர்ந்தா மீன் இரையைக் கவ்விக்கிட்டு நம்ம பக்கம் வருதுன்னு அர்த்தம். சுத்தி இழுத்தேன் பாருங்க, டீத்தண்ணி நிறத்துல கிடந்த கடலைப் பிளந்துக்கிட்டு ஒரு கொடுவா எழும்பிச்சு. வாய் பொளந்து, செவுள் விரிஞ்சு, தலையைப் பேய் பிடிச்ச மாதிரி உதறுது. மூணு கிலோ இருக்கும். (வெளியில அஞ்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.) இங்க அதை ஜிதாடாம்பாங்க. மழைத்தண்ணி கடல்ல கலக்கிற இடமாப் பார்த்து நிக்கிற மீன். ரெண்டாந்தரம் எழும்பினப்போ கை லேசாயிடுச்சு. நரம்போட நுனியைப் பார்த்தா பிளேடு வெச்சுச் சீவின மாதிரி இருக்கு. கொடுவா செவுள் மூடி ஓரம் அப்படி. தூண்டில் முள்ளுக்கு மேல ஒரு முழம் தடிச்ச நரம்பு கட்டியிருக்கணும். தெரிஞ்சும் சோம்பேறித்தனம்.

புது முள்ளு கட்டி நிமிர்ந்தா மேகம் தலைக்கு மேல. காத்தே இல்லை. தூண்டில் ராடுல 'ங்ஙொய்...'ன்னு ஒரு சத்தம், உள்ள தேனீ புகுந்த மாதிரி. ரீல்ல மணல் போயிடுச்சோன்னு நினைச்சேன். சாய்ச்சா நிக்குது, நிமிர்த்தினா பாடுது. கையில மயிரெல்லாம் எழும்பி நிக்குது. அப்புறம்தான் உறைச்சுது: கார்பன் ராடு, மின்சாரம் கடத்தும். இடி விழப்போற வானத்துக்கு நானே கம்பி நட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன். ராடை அப்படியே பாறையில போட்டுட்டுத் திரும்பினா, நடுவுல கடல்.

வரும்போது செருப்பு நனையாம தாண்டின பள்ளம், இப்போ ஓடையா ஓடுது. நான் நின்னது மேடு. முதல்ல பின்னாடிப் பள்ளம்தான் நிறையும், மேட்டுல நிக்கிறவனுக்குக் கால் நனையாது, தெரியவும் தெரியாது. தாத்தாவோட தூத்துக்குடிக் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. இங்க பெரிய ஏத்தத்துல நாலரை மீட்டரைத் தாண்டிடும். வத்தத்துக்கும் ஏத்தத்துக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு மணி நேரத்துலதான் பாதி உயரம் ஏறுது. அந்த நேரம் முழுக்க நான் மேகத்தையும் மீனையும் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

இறங்கிட்டேன். இடுப்பளவு தண்ணி. கரையில ஒரு கோலிப் பெரியவர் (இங்கத்து மீனவர்) கையை ஆட்டிக் கத்துறார். "காலைத் தூக்காதே பேட்டா! தேய்ச்சுக்கிட்டே வா!" திருக்கைக்காகச் சொல்றார். சேத்துக்கடியில படுத்துக் கிடக்கும், மிதிச்சாத்தான் வாலைச் சுழட்டி முள்ளை இறக்கும். தேய்ச்சுக்கிட்டு வந்தா அதுவே விலகிப் போயிடும். ரெண்டு எட்டு வெச்சிருப்பேன், கணுக்கால்ல ஏதோ ஒண்ணு ஈரச் சாக்கு மாதிரி உரசி நழுவிச்சு. திருக்கைதானா தெரியாது. குனிஞ்சு பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

கரையேறின நிமிஷம் மழை, அடுத்த நிமிஷம் இடி. பெரியவர் கடைத் தாழ்வாரத்துல நிக்க வெச்சுட்டு மராத்தியில வெளுத்து வாங்கினார். "மேகம் வந்தா காதுல கேட்கும்டா. பின்னாடி வர்ற தண்ணி சத்தம் போடுமா?" நான் "சரி காகா, சரி காகா"ன்னு தலையாட்டினேன். (மராத்தியில காகான்னா சித்தப்பா. ஊர்ல யாரையாவது அப்படிக் கூப்பிட்டா அடிக்க வருவாங்க.) ராடு போனது போனதுதான்.

*

ஆன்டாப் ஹில்லிலிருந்து ஒருத்தர்:

திருக்கை நழுவினது உங்க நல்ல நேரம். 2013ல கிர்காவ் சௌபாட்டியில விநாயகரைக் கரைக்க இறங்கினவங்க நிறைய பேருக்குக் கொட்டிடுச்சு. எனக்கு நடந்தது கெளிறு. கோராய் காடியில (கடல் கழி) தூண்டில் முள்ளைக் கழட்டும்போது துள்ளி, முதுகு முள்ளு கட்டைவிரல் அடியில இறங்கிடுச்சு. தோள் வரைக்கும் நெருப்பு. கூட வந்த சித்தப்பா டீக்கடையில வெந்நீர் வாங்கி, முதல்ல தன் கையை விட்டுச் சூடு பார்த்துட்டு, என் கையை அமுக்கிப் பிடிச்சார். அந்த விஷம் புரதம், சூட்டுல கெட்டுப்போகும். கொதிக்கிற தண்ணி கூடாது, பொறுக்கிற சூடு போதும். முக்கால் மணி நேரத்துல வலி பாதியா இறங்கிச்சு. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கிட்டேன். உள்ள உடைஞ்சு நின்ன துணுக்கை டாக்டர்தான் எடுத்தார்.

அது சரி, அந்த ரெண்டு கெளிறும் களவாவும் என்ன ஆச்சு?

*

முதல்ல எழுதினவர்:

பை தோள்லயே கிடந்தது. மீன் மூணும் காகாவுக்கு. "வீட்டுக்குக் கொண்டு போகலையா?"ன்னு கேட்டார். புரட்டாசியை மராத்தியில எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, "பொண்டாட்டி அடிப்பா"ன்னேன். உடனே புரிஞ்சுக்கிட்டார். இரைக்கு வெச்சிருந்த மிச்ச இறாலை எங்க தெருமுனைப் பூனைக்குப் போட்டேன். அதுக்குப் புரட்டாசி கிடையாது.