"தூங்கினா தெளிஞ்சிடும்" என்று நான் சொன்ன ராத்திரி

கடைசி செமஸ்டர் தேர்வு முடிந்த ராத்திரி. விடுதி அறையில் எட்டுப் பேர். யார் முதலில் கிளாஸைக் காலி செய்வது என்று போட்டி. என் அறைத்தோழனுக்குக் குடித்துப் பழக்கமே கிடையாது. அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குள் 6 பெக். பத்தரைக்கெல்லாம் மட்டையாகிவிட்டான். "விடுங்கடா, தூங்கினா தெளிஞ்சிடும்" என்று சொன்னது நான்தான்.

பன்னிரண்டு மணிக்கு எதற்கோ விழித்து லைட்டைப் போட்டேன். மல்லாந்து கிடந்தான். வாயோரம் வாந்தி. உதடு நீலம் பாரித்திருந்தது, கை சில்லென்று இருந்தது. கன்னத்தில் தட்டினேன், கிள்ளினேன், அசைவே இல்லை. மூச்சு வந்தது, நின்றது. போனில் நொடியைப் பார்த்து எண்ணினேன். 11 வரை போன பிறகுதான் அடுத்த மூச்சு.

ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றேன். "வார்டனுக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் சஸ்பென்ஷன்தான்" என்றான் ஒருவன். அந்த வாக்குவாதத்திலேயே பத்து நிமிடம் போனது. இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. கடைசியில் கூப்பிட்டேன். போனில் பேசியவர் சொன்னபடி அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாந்தி தொண்டையில் அடைக்காதபடி முகத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். பிழைத்துவிட்டான்.

டாக்டர் பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கினார். குடிப்பதை நிறுத்தினாலும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்குமாம். ஈரலால் மணிக்கு ஏறக்குறைய ஒரு பெக்கைத்தான் சமாளிக்க முடியும். காபி, குளிர்ந்த நீர் எதுவும் அதை வேகப்படுத்தாது. நாங்கள் தூங்கவிட்ட நேரத்தில் அவனுக்குப் போதை ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுமொழி (வேறொரு கல்லூரியின் ஆலோசகர்):

நீங்கள் சொன்னது போன்ற பத்து நிமிடத் தயக்கம்தான் எங்களையும் பயமுறுத்தியது. "உதவிக்கு அழைத்தவருக்கும் குடித்தவருக்கும் தண்டனை இல்லை" என்று விதியை மாற்றினோம். அதன்பிறகு நடுராத்திரியிலும் மாணவர்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். அட்வைஸ் மழை பொழிவதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆலன் மார்லட் குழு, மாணவர்களின் குடியைக் குறைக்க உருவாக்கிய 'பேசிக்ஸ்' என்ற ஆலோசனை முறைப்படி இரண்டே அமர்வு. போன மாதம் எவ்வளவு குடித்தார்கள் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்வோம். மற்றவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்றும் கேட்போம். பெரும்பாலும் கூட்டித்தான் சொல்வார்கள். உண்மைக் கணக்கைக் காட்டியதும் ஒரு பையன் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுமொழி (பதிவிட்டவர்):

எங்கள் விடுதியில் அப்படி ஒரு விதி இன்னும் இல்லை, சார். பழைய மாணவர்கள் சேர்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் விதியின் வாசகத்தை அப்படியே இங்கே போட முடியுமா?