புதுப்பிப்பு: மார்ட்டோன் கல்லூரிக்கே போனார்

2025 ஜூன் என்எச்எல் டிராஃப்டில் (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கின் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் அணி 6ஆவதாக எடுத்த போர்ட்டர் மார்ட்டோன், கனடாவின் பிராம்ப்டன் ஜூனியர் அணிக்கே திரும்புவார் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறாகிவிட்டது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார்.

யோசித்தால் அதுதான் சரி. பிராம்ப்டன் ஆடும் கனடிய ஜூனியர் லீக்கான ஓஎச்எல்லில் 57 ஆட்டங்களில் 98 புள்ளிகள் (கோல்களும் கோலுக்குச் செய்த உதவிகளும் சேர்த்து) எடுத்தவருக்கு அங்கே நிரூபிக்க என்ன மிச்சம்? கல்லூரியில் தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்த, உடம்பு முறுக்கேறிய ஆட்டக்காரர்களோடு மோத வேண்டும். ஓஎச்எல்லில் பருவத்துக்கு 68 ஆட்டங்கள், பஸ் பயணம் வேறு. கல்லூரியில் ஏறத்தாழ பாதிதான், அதுவும் பெரும்பாலும் வாரக்கடைசியில். மற்ற நாட்களில் உடலை வளர்க்கலாம். அந்தக் கட்டத்தில் அவருக்குத் தேவைப்பட்டது அதுதான்.

அப்புறம், 2024 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு விதியை மாற்றியிராவிட்டால் இந்தத் தேர்வே இருந்திருக்காது. அதுவரை கனடிய ஜூனியரில் ஆடியவர்களுக்குக் கல்லூரிக் கதவு மூடியே கிடந்தது.