கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் ஸ்கூல் பசங்க பின்னாடி என்ன ஆனாங்க?

தேடல்72:
பழைய இங்கிலாந்து ஸ்கூல்களைப் பத்தி படிக்கிறவங்க யாராவது இருந்தா கொஞ்சம் விளக்குங்க. ஆங்கில எழுத்தாளர்கள் சார்லஸ் லேம்ப், கோல்ரிட்ஜ், லீ ஹன்ட் மூணு பேரும் படிச்சது லண்டன் நியூகேட் தெருவுல இருந்த கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்லதான். பேர்ல ஹாஸ்பிடல்னு இருந்தாலும் இது ஸ்கூல், 1552ல வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சது. நீளமான நீல அங்கி, மஞ்சள் ஸ்டாக்கிங்ஸ் போட்டுக்கிட்டு இருப்பாங்களே அந்த ஸ்கூல். எங்க தேடினாலும் புகழ்பெற்ற மாணவர்கள்னு ஒரு லிஸ்ட் வருது, அது எனக்கு வேண்டாம். ஒண்ணா உக்காந்து படிச்ச பசங்கள்ல ஒருத்தர் கேம்பிரிட்ஜ் போறார், இன்னொருத்தர் 14 வயசுல ஸ்கூலை விட்டுட்டு கிளார்க் வேலைக்குப் போறார், இதை யார் முடிவு பண்ணது? பேர் வெளிய வராத மத்த பசங்க எல்லாம் எங்க போனாங்க?

நூலகப்பூனை:
நல்ல கேள்வி. அந்த லிஸ்ட் எனக்கும் பிடிக்காது, ஏன்னா ஸ்கூல் எல்லாரையும் ஒரே மாதிரி தூக்கி விட்ட மாதிரி ஒரு எண்ணத்தை அது கொடுக்குது. நடந்தது வேற. 18ம் நூற்றாண்டுல அங்க பெரும்பாலான பசங்க 14, 15 வயசு வந்ததும் வெளிய போயிடணும், ஏதாவது ஒரு கடைக்காரர்கிட்டயோ தொழில்காரர்கிட்டயோ வேலை பழக அனுப்பிடுவாங்க. ரொம்ப கொஞ்சம் பேரை மட்டும் தனியா எடுத்து கிரேக்கம், லத்தீன்னு மேல மேல படிக்க வச்சாங்க, அவங்களுக்கு கிரீஷியன்னு பேர். கிரீஷியன் ஆயிட்டா ஸ்கூல் காசுலயே பல்கலைக்கழகம் போகலாம், ஆனா முடிச்சிட்டு சர்ச் வேலைக்குப் போகணும்ங்கிறதுதான் எதிர்பார்ப்பு.

இப்ப லேம்பை எடுத்துக்கங்க. 1782ல சேர்ந்தார், அதே வருஷம்தான் கோல்ரிட்ஜும் சேர்ந்தார். லேம்ப் படிப்புல சோடை இல்ல, கிரீஷியனுக்கு ஒரு படி கீழ வரைக்கும் வந்துட்டார். ஆனா அவருக்குத் திக்குவாய். பிரசங்கம் பண்ண முடியாத பையனை சர்ச்சுக்காகப் படிக்க வச்சு என்ன பண்றதுன்னு அங்கயே நிறுத்திட்டாங்க. 1789ல 14 வயசுல வெளிய வந்தார். 1792ல கிழக்கிந்தியக் கம்பெனியோட கணக்குப் பிரிவுல சேர்ந்தவர் 33 வருஷம் அதே கம்பெனியில லெட்ஜர் எழுதினார். 1796ல அவங்க அக்கா மேரி மனநிலை பாதிச்ச நேரத்துல அம்மாவைக் கொன்னுட்டாங்க, அப்புறம் கடைசி வரைக்கும் அக்காவைப் பாத்துக்கிட்டது தம்பிதான், அதுக்கு அந்த ஆபீஸ் சம்பளம்தான் ஆதாரம். நாம இன்னிக்கு ரசிச்சுப் படிக்கிற கட்டுரைகள்ல பலதும் ஆபீஸ் முடிஞ்ச ராத்திரிகள்லயும் லீவு நாள்லயும் எழுதினவரோடது.

கோல்ரிட்ஜுக்கு எல்லாமே கிடைச்சுது. கிரீஷியன், 1791ல கேம்பிரிட்ஜ் ஜீசஸ் காலேஜ். 1793 டிசம்பர்ல கடன் தொல்லை தாங்காம பொய்ப் பேர்ல குதிரைப்படையில போய்ச் சேர்ந்துட்டார், அண்ணன்மார் அலைஞ்சு திரிஞ்சு 1794 ஏப்ரல்ல மீட்டுக்கிட்டு வந்தாங்க. கடைசியில டிகிரி வாங்கவே இல்ல, பாதிரியாரும் ஆகல. கதவு திறந்த பையன் உள்ள போய் நிக்கல, கதவு மூடின பையன் வாழ்நாள் பூரா ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் லீவுல போய் சுத்திப் பாத்துட்டு வந்தார். எனக்கு இதைப் படிக்கிறப்ப எல்லாம் மனசு கனத்துப் போகும்.

கடலோடி:
நூலகப்பூனை சொன்ன ரெண்டு வழிக்கு நடுவுல மூணாவதா ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. 1673ல ரெண்டாம் சார்லஸ் ராஜா அந்த ஸ்கூலுக்குள்ளயே ராயல் மேத்தமேட்டிகல் ஸ்கூல்னு ஒண்ணு வச்சார், 40 பசங்களுக்கு கணக்கும் கப்பல் ஓட்டுற சாஸ்திரமும் சொல்லித்தர. கடற்படை நிர்வாகத்துல இருந்த சாமுவேல் பெப்பிஸ் அதுக்குப் பின்னால ரொம்ப உறுதியா நின்னார். இந்தப் பசங்க சட்டைத் தோள்ல தனி பேட்ஜ் இருக்கும். படிச்சு முடிச்சதும் ட்ரினிட்டி ஹவுஸ்ல, அதாவது மாலுமிகளையும் கலங்கரை விளக்கங்களையும் கவனிச்ச அமைப்புல பரீட்சை, பாஸ் ஆனா ஒரு கேப்டன்கிட்ட ஏழு வருஷம் அப்ரண்டிஸ். பாடத்திட்டம் சரியா இருக்கான்னு 1694ல ஐசக் நியூட்டன்கிட்டயே கருத்து கேட்டிருக்காங்க, அவரும் உக்காந்து நீளமா பதில் எழுதியிருக்கார்!

இன்னொண்ணு, 1775லேர்ந்து அங்க கணக்கு வாத்தியாரா இருந்தவர் வில்லியம் வேல்ஸ். கேப்டன் குக்கோட ரெண்டாவது கடல் பயணத்துல, 1772லேர்ந்து 1775 வரைக்கும், ரெசல்யூஷன் கப்பல்ல வானியல் ஆளா போயிட்டு வந்தவர், தெற்கே பனிப்பாறை மிதக்கிற கடலை எல்லாம் நேர்ல பாத்தவர். அவர் வாத்தியாரா இருந்த காலத்துலதான் கோல்ரிட்ஜ் அங்க படிச்சார். பின்னாடி கோல்ரிட்ஜ் எழுதின கிழட்டு மாலுமி கவிதையில வர்ற பனிக்கடலுக்கும் இவருக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு சொல்ற ஆராய்ச்சியாளர்கள் உண்டு.

என்னோட வாதம் என்னன்னா இந்த ஸ்கூலோட பெரிய சாதனை கவிஞர்கள் இல்ல. ஏழை வீட்டுப் பையனுக்கு கோணக்கணக்கும் நட்சத்திரம் பாத்து வழி கண்டுபிடிக்கிற வித்தையும் இலவசமா சொல்லிக்கொடுத்து அவனைக் கப்பல்ல ஒரு பொறுப்புக்குத் தகுதியாக்கினதுதான். அவங்க பேர் எந்த லிஸ்ட்லயும் வராது.

தேடல்72:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், லேம்புக்கு கம்பெனி வேலை கிடைச்சது ஸ்கூல் மூலமாவா? அடி உதை ரொம்பன்னும் படிச்சேன், அது எவ்வளவு நெஜம்?

வாசகி_கமலம்:
வேலை விஷயம் சிபாரிசுதாங்க. லேம்போட அப்பா, சாமுவேல் சால்ட்னு ஒரு வக்கீல் வீட்டுல வேலைக்காரரும் கிளார்க்குமா இருந்தவர். பையனுக்கு ஸ்கூல்ல இடம் கிடைச்சதுக்கும் அந்தச் செல்வாக்குதான் காரணம், ஏன்னா அந்தக் காலத்துல நிர்வாகக்குழு ஆள் ஒருத்தர் கையெழுத்து போட்டு அனுப்பினாத்தான் சேர முடியும். அதனால ஏழைங்க ஸ்கூல்னு சொல்றப்ப கொஞ்சம் நிதானிக்கணும், பெரிய மனுஷங்களைத் தெரிஞ்ச ஏழைங்களுக்குத்தான் அந்தக் கதவு சுலபமா திறந்துச்சு. கோல்ரிட்ஜ் பாதிரியார் மகன், அப்பா 1781ல இறந்துபோனதும் சேத்தாங்க.

அடி நெஜம். ஹெட்மாஸ்டர் ஜேம்ஸ் போயர் கொடூரமா அடிப்பார்னு லேம்ப், ஹன்ட், கோல்ரிட்ஜ் மூணு பேருமே எழுதி வச்சிருக்காங்க. ஆனா அதே போயர்தான் கவிதையில வெத்து அலங்கார வார்த்தையைப் பாத்தா விடமாட்டார், கவிதைக்கும் ஒரு கறாரான தர்க்கம் இருக்குன்னு தனக்குப் புரிய வச்சவர் அவர்னு கோல்ரிட்ஜ் நன்றியோட சொல்றார். நல்லா சொல்லிக்கொடுத்தார்ங்கிறதுக்காக அந்த அடியை என்னால நியாயப்படுத்த முடியாது, ஏழெட்டு வயசுப் பிள்ளைங்க, பலருக்கு அப்பா இல்ல.

கோல்ரிட்ஜை போயர் கவனத்துக்குக் கொண்டுபோனதே ஒரு சீனியர் பையன். தாமஸ் மிடில்டன்னு பேர். சின்னப் பையன் வகுப்புக்காக இல்லாம சும்மா ஆசைக்கு லத்தீன் கவிஞர் வெர்ஜிலைப் படிக்கிறதைப் பாத்துட்டு ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னாராம். அந்த மிடில்டன் 1814ல கல்கத்தாவோட முதல் பிஷப்பா வந்தார், அப்ப சென்னையும் அவர் ஆளுகைக்குள்ளதான். நம்ம சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் இருக்கே, 1816ல அதைப் பிரதிஷ்டை பண்ணவர் இவர்தான். 1822ல கல்கத்தாவுலயே இறந்துட்டார்.

லீ ஹன்ட் கதை வேற திசை. அவருக்கும் திக்குவாய், அவரும் காலேஜ் போகல. பத்திரிகை நடத்தினார், இளவரசரைத் திட்டி எழுதினதுக்கு 1813ல ரெண்டு வருஷம் ஜெயில். வெளிய வந்தப்புறம் கீட்ஸோட கவிதையை முதல்ல அச்சுல போட்டவர் அவர்தான்.

பொண்ணுங்களும் ஆரம்பத்துலேர்ந்தே அந்த ஸ்கூல்ல இருந்தாங்க, பின்னாடி ஹார்ட்ஃபோர்டுல தனியா வச்சிருந்து 1985லதான் பசங்களோட ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாங்க. பழைய காலத்துல அவங்களுக்குத் தையலும் வீட்டுவேலையும்தான் முக்கியப் பாடம், அதனால அவங்கள்ல ஒரு லேம்ப் வரலையேன்னு யாரும் கேக்கக் கூடாது.

பட்டறைக்காரன்:
விமான எஞ்சினியர் பார்ன்ஸ் வாலிஸை யாருமே தொடல, அதனால நான் சொல்றேன். ஸ்கூல் 1902ல லண்டனை விட்டு ஹார்ஷம் பக்கம் மாறினப்ப அவர் அங்க மாணவர். கிளார்க், பாதிரியார் ரெண்டு வழியும் அவருக்கு வேண்டாம். 1904ல ஸ்கூலை விட்டுட்டு நேரா தேம்ஸ் எஞ்சினியரிங் வொர்க்ஸ்ங்கிற பட்டறையில அப்ரண்டிஸ். லண்டன் பல்கலைக்கழக டிகிரியை 1922ல, 34 வயசுல, காலேஜ் போகாமலே பரீட்சை எழுதி வாங்கினார். அப்புறம் ஆர்100 ஆகாயக்கப்பல், வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தோட வலைப்பின்னல் மாதிரியான உடல், இதெல்லாம் அவர் கை. இப்படி கையில வேலை பழகி மேல வந்தவங்களை நான் ரொம்ப மதிக்கிறேன், இதைத்தான் அந்த ஸ்கூல் பல நூறு பசங்களுக்கு பண்ணிக்கிட்டே இருந்துச்சு.

1943 மே மாசம் ஜெர்மனி அணைகளை உடைச்ச, தண்ணி மேல துள்ளிக்கிட்டே போற குண்டு அவரோடது. 19 விமானத்துல 133 பேர் போனாங்க, 53 பேர் செத்துட்டாங்க. கீழ வெள்ளத்துல போனது அதைவிட எவ்வளவோ அதிகம், அதுல பாதிக்கும் மேல வலுக்கட்டாயமா கொண்டுவந்த வெளிநாட்டுத் தொழிலாளிங்க. தன் ஆளுங்க செத்தது வாலிஸை உலுக்கிடுச்சு. போருக்கப்புறம் கண்டுபிடிப்புக்காக அரசாங்கம் கொடுத்த 10,000 பவுண்டை அப்படியே தான் படிச்ச ஸ்கூலுக்குக் கொடுத்துட்டார், விமானப்படையில செத்தவங்க, காயம்பட்டவங்க பிள்ளைங்க அங்க படிக்கணும்னு.

நூலகப்பூனை:
கடலோடி சொன்னதை முழுசா ஒத்துக்கறேன், ஆனா கவிஞர்களை ஒதுக்கிடாதீங்க. எட்மண்ட் பிளண்டன் அங்க படிச்சிட்டு முதல் உலகப்போர் பதுங்குகுழிக்குப் போய் உயிரோட திரும்பினவர். பின்னாடி ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் காலேஜ்ல அவர்கிட்ட பாடம் கேக்க வந்த பையன் கீத் டக்ளஸ், அவரும் அதே ஸ்கூல். டக்ளஸ் வட ஆப்பிரிக்காவுல டேங்க்ல சண்டை போட்டு தப்பிச்சு, 1944 ஜூன்ல நார்மண்டியில இறந்துட்டார், 24 வயசு. அந்தக் கவிதைகளைத் தேடிப் படிங்க.

தேடல்72 கேட்ட பேர் தெரியாத பசங்களுக்கு வர்றேன். ஸ்கூலோட பழைய பதிவேடுகள் லண்டன் நகர ஆவணக்காப்பகத்துல இருக்கு, 16ம் நூற்றாண்டுலேர்ந்து. பையன் பேர், அப்பா யாரு, எந்த பாரிஷ் (சர்ச் வட்டாரம்), எப்ப சேர்ந்தான், யார்கிட்ட வேலைக்கு அனுப்பினாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் குறிப்பு இருக்கும். குடும்ப வரலாறு தேடுறவங்கதான் அதை அதிகமா பாக்கறாங்க. ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கிட்டு, 1782ன்னு வச்சுக்கங்க, லேம்போடயும் கோல்ரிட்ஜோடயும் சேர்ந்த எல்லாப் பசங்களையும் யாராவது வரிசையா பின்தொடர்ந்து எழுதினா நான் முதல் ஆளா வாங்கிப் படிப்பேன்.

தேடல்72:
அதே 1782தான் எனக்கும் இப்ப மண்டைக்குள்ள ஓடுது. கடலோடி, அந்த 40 பேர்ல கப்பலுக்குப் போனவங்களைப் பத்தி உங்ககிட்ட இன்னும் விஷயம் இருந்தா தனி இழையா போடுங்க, கண்டிப்பா வர்றேன்.